பழைய டிஸ்க் வாங்குவது திருட்டல்ல

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. இன்னொருவர் ஆடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கினால் கேமை உருவாக்கியவர்களுக்குப் பைசா போவதில்லை, ஆகவே அது திருட்டு கேம் ஆடுவதற்குச் சமம் என்கிறார்கள். கொஞ்சம் மென்மையானவர்கள், "சட்டப்படி சரிதான், நியாயப்படி சரியில்லை" என்கிறார்கள். இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டிஸ்க்கின் காலம் முடிந்துவிட்டதாம், இனி டவுன்லோட் செய்து ஆடுவதுதான் முறையாம்.

இது எதையும் நான் ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அந்த உரிமை கேம் தொழிலை அழிக்கவில்லை, அதற்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. அது பறிபோனால் முதல் அடி, விலை பார்த்து வாங்குகிறவர்கள் மேல்தான் விழும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பாரிஸில் இயங்கும் குவாண்டிக் டிரீம் நிறுவனம் 2010இல் பிளேஸ்டேஷன் 3க்காக 'ஹெவி ரெய்ன்' என்ற கேமைக் கொண்டுவந்தது. கதையை மையமாக வைத்த, நல்ல பெயர் எடுத்த கேம். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் நிர்வாகிகளில் ஒருவரான கியோம் த ஃபோந்தோமியேர் ஒரு கணக்கை வெளியில் வைத்தார். ஏறக்குறைய 20 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. ஆனால் ஆடுகிறவர் எட்டும் இலக்குகளுக்காகக் கன்சோலில் பதிவாகும் டிராபிகளை வைத்துப் பார்த்தால் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடியிருந்தார்கள். நடுவில் நிற்கும் 10 லட்சம் பேர் தங்களுக்கு ஒரு காசும் தராமல் ஆடியவர்கள் என்றும், பழைய டிஸ்க் வியாபாரத்தால் 50 லட்சம் முதல் ஒரு கோடி யூரோ வரை தங்கள் வருமானம் போனது என்றும் அவர் சொன்னார். அன்றிலிருந்து இந்த விவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுகிறார்.

இந்தக் கணக்கு நிற்காது. டிராபி என்பது டிஸ்க்குக்கு ஒன்று என்று பதிவாவதில்லை, ஆடுகிறவரின் கணக்குக்குப் பதிவாகிறது. ஒரே வீட்டில் அண்ணன் தன் பெயரிலும் தங்கை தன் பெயரிலும் ஆடினால் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பேர். நண்பனிடம் ஒரு வாரம் இரவல் வாங்கி ஆடியவர் இன்னொருவர். அந்த நாளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம்களை வாடகைக்கு விடும் கடைகள் நிறைய இருந்தன, அங்கிருந்து எடுத்து ஆடியவர்களும் இந்த 10 லட்சத்தில்தான் வருகிறார்கள். அத்தனை பேரையும் பழைய டிஸ்க் கடையின் கணக்கில் எழுதியது முதல் பிழை.

அடுத்த பிழை இன்னும் பெரியது. பாதி விலைக்கு வாங்கியவர், அது கிடைக்காவிட்டால் முழு விலை கொடுத்திருப்பார் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அவர்களில் சிலர் கொடுத்திருப்பார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 10 லட்சம் பேருமா? பெரும்பாலானவர்கள் அந்த கேமைத் தொட்டே இருக்கமாட்டார்கள். வராத வருமானத்தை 'போன வருமானம்' என்று எழுதுவதற்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்கமாட்டார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அந்தக் கணக்கில் இல்லாத ஒரு வரிதான். புதிதாக வாங்கிய 20 லட்சம் பேரில் எத்தனை பேர், ஆடி முடித்ததும் விற்றுவிடலாம் என்ற தைரியத்தில் வாங்கினார்கள்? எத்தனை பேர் பழைய டிஸ்க்கைக் கடையில் போட்டு, கிடைத்த பணத்தோடு மேலே கொஞ்சம் சேர்த்து இந்தப் புது டிஸ்க்கை வாங்கினார்கள்? புது கேம்களோடு பழையவற்றையும் வாங்கி விற்கும் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் நிறுவனம், எக்ஸ்சேஞ்சுக்காகத் தான் கொடுக்கும் தொகையில் சுமார் 70 சதவீதம் புதுக் கேம் வாங்கவே திரும்பிவருகிறது என்று சொல்லிவந்தது. தன் வியாபாரத்துக்குச் சாதகமாக அது சொல்லும் எண் என்பதால் நிறையவே தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். பாதிதான் உண்மை என்று வைத்தாலும், அந்தப் பணம் போய்ச் சேர்வது கேமை வெளியிட்டவர்களின் கல்லாவுக்குத்தான்.

நம் ஊர் விலையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். சோனியின் பெரிய பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று வெளியாகும் நாளில் 4,999 ரூபாய். முதல் வேலையில் சேர்ந்த ஓர் இளைஞருக்கு இது சிறிய தொகையல்ல. ஒரு மாதம் ஆடிவிட்டு 3,500 ரூபாய்க்கு விற்கலாம் என்று அவருக்குத் தெரிந்தால், அவர் மனத்தில் அந்த கேமின் விலை 1,499. அதனால்தான் வெளியான அன்றே வாங்குகிறார். விற்க முடியாது என்றால் தள்ளுபடி வரட்டும் என்று ஓராண்டு காத்திருப்பார், இல்லையென்றால் அப்படியே மறந்துவிடுவார். இரண்டாவதாக வாங்குபவர் கொடுக்கும் 3,500 ரூபாய் முதலில் வாங்கியவர் வழியாக ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய டிஸ்க் வாங்குகிறவர் ஒன்றும் தரவில்லை என்பவர்கள் இந்தப் பணம் வந்த வழியைப் பார்ப்பதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் இப்படி ஒரு பேரத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கல்லூரி மாணவன் ஒருவன் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தான். கடைக்காரர் அதைக் கண்ணாடித் தம்ளரைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நடுத்துளையைச் சுற்றி நகத்தால் தடவினார், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு கன்சோலில் போட்டு, இன்ஸ்டால் கோடு பாதி தாண்டும்வரை பேசாமல் நின்றார். விலை சொன்னதும் பையன், "அண்ணா, இன்னும் முந்நூறு சேர்த்துக் குடுங்கண்ணா" என்றான். "அடுத்த பார்ட் வருதுன்னு அறிவிச்சுட்டாங்க தம்பி. இனிமே இது இறங்கத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர். கடைசியில் இருநூறுக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தோடு தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சேர்த்து, பிரிக்காத புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு பையன் போனான்.

கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வரி, எதிர்த்தரப்பின் இன்னொரு வாதத்துக்கும் பதில். பழைய கார் தேயும், பழைய சட்டை நைந்துபோகும், ஆனால் பழைய டிஸ்க்கில் ஓடும் கேம் புதியதைப் போலவே ஓடுகிறது, அதனால் கேமை மற்ற பொருள்களோடு ஒப்பிடக்கூடாது என்கிறார்கள். ஆனால் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய நாவலின் கதையும் புதுப் பிரதியில் உள்ள அதே கதைதான், எழுத்து தேய்ந்துபோய்விடவில்லை. அதற்காக மூர் மார்க்கெட் வியாபாரிகளை யாரும் திருடர்கள் என்றதில்லை. கேமில் பழையதாவது அதன் புதுமை. அடுத்த பாகம் வருகிறது, ஆன்லைனில் சேர்ந்து ஆடிய கூட்டம் கலைகிறது, கம்பெனியே ஆறு மாதத்தில் விலையைக் குறைக்கிறது. பழைய டிஸ்க் சந்தை அந்த இறக்கத்தை விலையாக எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

யாரும் விற்க நினைக்காத கேமுக்குப் பழைய சந்தையால் ஒரு தொல்லையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' கார்ட்ரிட்ஜில்தான் வந்தது, தாராளமாக மறுவிற்பனை செய்யலாம். ஆனாலும் பல ஆண்டுகள் புதுப் பிரதியாகவே விற்றுக்கொண்டிருந்தது, ஆறு கோடியையும் தாண்டியது. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து ஆடுகிற கேமை எதற்காக விற்கப்போகிறார்கள்?

சட்டத்துக்கு வருவோம். புத்தகம் வெளியிட்டவர்களும் ஒரு காலத்தில் இதே வழக்கைப் போட்டுத் தோற்றார்கள். பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், இதை ஒரு டாலருக்குக் குறைந்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டிருந்தது. மேசிஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பிரதியை விற்றுவிட்ட பிறகு அதன் அடுத்தடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தப் பதிப்பகத்துக்கு உரிமை இல்லை என்றது. கேமுக்கென்றே இந்த வழக்கு நடந்தது ஜப்பானில். கேம்களைத் திரைப்படங்களோடு சேர்த்து, விநியோக உரிமை எங்களுடையது, பழைய கேம் விற்கும் கடைகளை நிறுத்துங்கள் என்று என்னிக்ஸ், காப்காம் போன்ற பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கமும், ஒசாகா மாவட்ட நீதிமன்றம் கம்பெனிகள் பக்கமும் தீர்ப்பளித்தன. 2002 ஏப்ரல் 25 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: கேம் திரைப்படம் போன்ற படைப்புதான், ஆனால் முதல் விற்பனையோடு அந்த விநியோக உரிமை தீர்ந்துவிடுகிறது. உலகத்துக்கே கேம் செய்து கொடுத்த நாட்டில், கேம் கம்பெனிகள் சொந்த மண்ணில் நின்று தோற்ற வழக்கு இது. இதற்குப் பிறகும் ஜப்பானில் பழைய கேம் கடைகள் தெருவுக்குத் தெரு நடந்தன. ஜப்பானின் கேம் தொழில் அதனால் மூடப்பட்டுவிடவில்லை.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி நிரலின் ஒரு பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் விற்கும் உரிமை படைத்தவருக்கே என்ற பொருள்படும் சொற்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. திரைப்படங்களுக்கு இருந்த அதே சொற்களை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்தது. வியாபார முறையில் வாடகைக்கு விடுவது இன்னும் உரிமையாளர் கையில்தான், அது தனி விஷயம். நான் பேசுவது விற்பதையும் வாங்குவதையும் பற்றி.

நீதிமன்றத்தில் கிடைக்காததைக் கம்பெனிகள் கன்சோலுக்குள் பூட்டாக வைக்கப் பார்த்தன. 2010இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'ஆன்லைன் பாஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது டிஸ்க்கோடு ஒரே ஒருமுறை செல்லும் குறியீடு இருக்கும், பழைய டிஸ்க் வாங்கியவர் ஆன்லைனில் ஆட 10 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். மற்ற கம்பெனிகளும் இதைப் பின்பற்றின. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள், 2013 மே மாதம் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கான விதிகளை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் இணையத்தில் தலைகாட்ட வேண்டும். நண்பருக்கு ஒரு கேமைக் கொடுக்கலாம், ஆனால் அவர் உங்கள் நண்பர் பட்டியலில் 30 நாளாவது இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். ஜூன் 10 அன்று சோனி தன் மேடையில், பிளேஸ்டேஷன் 4இல் பழைய கேம்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்றபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் தன் விதிகளைத் திரும்பப் பெற்றது. பழைய டிஸ்க் வாங்குவது யாரோ சிலரின் கஞ்சத்தனம் என்பவர்கள் அந்த ஒன்பது நாள்களை மறந்துவிட்டார்கள்.

விலை பற்றிய ஒரு வாதமும் உண்டு. பழைய சந்தையால்தான் புதுக் கேமின் விலை இறங்காமல் இருக்கிறது, அது ஒழிந்தால் விலை குறையும் என்று பிரிட்டனின் டேவிட் பிராபன் போன்ற மதிப்புக்குரிய கேம் படைப்பாளிகளே 2012இல் சொன்னார்கள். அந்தச் சோதனை நம் கண்முன்னே நடந்து முடிந்துவிட்டது. டவுன்லோடாக வாங்கும் கேமை மறுவிற்பனை செய்யவே முடியாது. அவர்கள் சொன்னபடி அது மலிவாக இருக்க வேண்டும் அல்லவா? பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் அந்தப் புதுக் கேம் அதே 4,999 ரூபாய்தான். டிஸ்க் அச்சடிக்கும் செலவில்லை, பெட்டியில்லை, லாரியில்லை, கடைக்காரரின் பங்கில்லை, ஆனாலும் அதே விலை. டவுன்லோடின் பங்கு ஆண்டுக்காண்டு ஏறிய அதே காலத்தில், அமெரிக்காவில் பெரிய கேமின் வழக்கமான விலை 60 டாலரிலிருந்து 70 ஆனது. 2025இல் நின்டெண்டோவின் 'மாரியோ கார்ட் வேர்ல்டு' 80 டாலருக்கு வந்தது.

கம்ப்யூட்டர் கேம்களில் மறுவிற்பனை இல்லாமலே ஸ்டீம் தளத்தில் பெரிய தள்ளுபடி கிடைக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டருக்குக் கேம் விற்கப் பல தளங்கள் போட்டி போடுகின்றன. கன்சோலில் அப்படியில்லை, பிளேஸ்டேஷனுக்குள் சோனியின் கடை ஒன்றுதான். 2019 ஏப்ரலில், முழு கேமுக்கான டவுன்லோட் குறியீடுகளை வெளிக்கடைகள் விற்பதையும் சோனி நிறுத்திவிட்டது. டிஸ்க் ஒன்றுதான் அந்தக் கடைக்கு மிஞ்சியிருக்கும் போட்டி. அதையும் எடுத்துவிட்டால் கன்சோல் செய்பவர் வைத்ததே விலை.

டவுன்லோட் கடைகள் நிலைத்திருப்பவையும் அல்ல. நின்டெண்டோ வீ கன்சோலின் கடையை 2019 ஜனவரியில் மூடியது, வீ யூ, 3டிஎஸ் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் போனது. பிளேஸ்டேஷன் 3 கடையை மூடப்போவதாக 2021இல் அறிவித்த சோனி, எதிர்ப்பைப் பார்த்துத்தான் பின்வாங்கியது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்த வடிவிலும் புதிதாக விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்ந்து சொன்னது. அந்த கேம்களைச் சட்டப்படி ஆட விரும்புகிறவர் பழைய டிஸ்க்கையோ பழைய கேசட்டையோதான் தேடிப்போக வேண்டும். கம்பெனி விற்பதையே நிறுத்திவிட்ட ஒன்றைப் பழைய சந்தையில் வாங்குகிறவர் யாருடைய காசைப் பறிக்கிறார்?

டிஸ்க்கும் இப்போதெல்லாம் டவுன்லோடைத் திறக்கும் வெறும் சாவிதானே என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது, அது எனக்கு வேதனையான உண்மை. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கேம் 2024 மார்ச் 31 அன்று சர்வர் நிறுத்தப்பட்டதும் டிஸ்க்கில்கூட ஓடாமல் போனது. ஸ்விட்ச் 2க்கு வரும் கேம்-கீ கார்டுகளில் கேமே இருப்பதில்லை, கார்டைச் செருகிவிட்டு டவுன்லோட் செய்ய வேண்டும். இப்படி டிஸ்க்கை உள்ளீடற்றதாக்குவது யார்? அதைச் செய்கிறவர்களே டிஸ்க்கால் இனி பயனில்லை என்றும் சொல்வதை நாம் ஏற்கவேண்டியதில்லை. டிஸ்க்கிலிருந்தே முழுதாக ஓடும் கேம்கள் இன்னும் ஏராளமாக வருகின்றன.

திருட்டு கேமோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் சென்னை பர்மா பஜாரைப் பார்த்தவர்களுக்குத் திருட்டு கேம் என்றால் என்னவென்று தெரியும். கன்சோலுக்குள் சிப் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட நகல் டிவிடிகளை அள்ளிக்கொண்டு போவார்கள். அசல் டிஸ்க் என்பது பலர் கண்ணால் பார்த்திராத பொருள். அந்தப் பழக்கத்திலிருந்து ஒரு தலைமுறை அசல் டிஸ்க்குக்கு மாறியதில், பூட்டு வலுவான புதுக் கன்சோல்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு எக்ஸ்சேஞ்ச் கடைகளுக்கும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். முழு விலை கொடுக்க முடியாதவர் அசலைத் தொட ஒரு படி வேண்டும். அந்தப் படி பழைய டிஸ்க். அதைத் தட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிகிறது. டவுன்லோட் கேமை விற்க வழியில்லாததால், 'பிரைமரி', 'செகண்டரி' என்று பெயர் வைத்துக் கணக்கையே கூறுபோட்டு, பாஸ்வேர்டு கொடுத்து விற்கிறார்கள். ஒரு கேமைப் பல பேர் தலையில் கட்டுகிறார்கள். பிறகு பாஸ்வேர்டு மாறும், விற்றவரின் போன் அணைந்திருக்கும். டிஸ்க் விற்பனையில் ஒரு நேரத்தில் ஒரு கையில்தான் கேம் இருக்கும். எது நேர்மையான வியாபாரம்?

படைப்பாளிகளின் மனக்குறையில் ஒரு பகுதி எனக்கும் உடன்பாடே. 60 டாலர் புது டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே அதன் பழைய பிரதியை 55 டாலருக்கு அடுக்கி, அந்த 55ஐயும் தானே வைத்துக்கொள்ளும் பெரிய கடைகள் அமெரிக்காவில் இருந்தன. விற்க வந்தவருக்கும் அவை அற்பத் தொகைதான் கொடுத்தன. அது கடைக்கும் கம்பெனிக்கும் உள்ள பங்குத் தகராறு. அதைக் காட்டி டிஸ்க் வாங்கிய மாணவனைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

அடுத்த கன்சோல் வாங்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் டிரைவே இல்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் பொருத்தவே வழியில்லை. டிரைவ் உள்ளதை வாங்குங்கள். பழைய டிஸ்க் வாங்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கீறல் விழுந்த புளூ-ரேயை மெஷினில் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. கூடுதல் பாகங்களையும் வாங்கும் எண்ணம் இருந்தால் டிஸ்க்கின் ரீஜியன் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்த டிஸ்க்கை அலமாரியில் பூட்டி வைக்காமல், அதை ஆட ஆசைப்படும் ஒருவருக்கு நியாயமான விலைக்குக் கொடுங்கள். யாராவது அதைத் திருட்டு என்று சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.